முடிவு வருமுன் விற்றது

இதை முதன்முதலில் எனக்குச் சொன்னவன் கோமதிநாயகம். சமாதானபுரத்தில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறான். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்கில் நூற்றுக்குப் பதினேழு வாங்கியவன். ஓய்வூதியப் புத்தகத்தை நகலெடுக்கப் போயிருந்த ஒரு தை மாதக் காலையில், இயந்திரத்தின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடியே சொன்னான்: "டீச்சர், கம்பெனி ரிசல்ட்டு நல்லா வருமா மோசமா வருமான்னு நமக்கு என்னத்துக்கு? அது வார வரைக்கும் எல்லாவனுக்கும் ஆசையும் பயமும் ஏறிக்கிட்டே இருக்கும். அந்த ஆசைக்கும் பயத்துக்கும்தான் வெல. ரிசல்ட்டு வந்துட்டுன்னா பயம் போச்சு, வெலயும் போச்சு. அதனால வாரதுக்கு முந்தியே வித்துட்டு வீட்டப் பாத்துப் போயிரணும்." நான் தாளை அவன் நேராக வைத்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு மதிப்பெண்காரன் எனக்குப் பாடம் சொல்வதா என்று மனத்துக்குள் ஒரு கோணல். அந்தக் கோணலின் விலை ஐம்பத்து மூவாயிரம் ரூபாய். இந்த ஆறு மாதமாக எதை நினைக்கத் தொடங்கினாலும் நான் அந்தத் தொகையின் வாசலில்தான் போய் நிற்கிறேன். காலையில் தேநீருக்குச் சர்க்கரை அளக்கும்போதும், மருந்துக் கடையில் சில்லறை எண்ணும்போதும், உறங்கப் போகுமுன் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்க்கும்போதும், ஐம்பத்து மூன்று. கோவில் வாசலில் கழற்றிய செருப்பை எத்தனையாவது வரிசையில் விட்டோம் என்று நினைவுபடுத்தும்போதும் ஐம்பத்து மூன்று.

இன்று புதன்கிழமை, ஜூலை இருபத்து மூன்று. பிற்பகல் இரண்டு மணி முப்பத்தாறு நிமிடம். கைப்பேசியை அகராதியின்மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். சந்தை மூன்றரைக்கு மூடும். மின்விசிறி செய்யும் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், என் தலைக்கு மேல் சுழல்வதும் அவர்களுடையதே, இன்று தன் காலாண்டுக் கணக்கை வெளியிடுகிறது. நாளைச் சொன்னார்களே தவிர நேரத்தைச் சொல்லவில்லை. இயக்குநர்கள் கூட்டம் முடிந்ததும் வரும்; சந்தை மூடியபின் வரலாம், அடுத்த நிமிடமே வரலாம். என்னிடம் இருப்பது பங்கு அன்று. அந்தப் பங்கை இன்ன விலைக்கு இம்மாதக் கடைசிக்குள் வாங்கிக்கொள்ளலாம் என்னும் உரிமை. கோமதிநாயகம் 'கால்' என்பான். நான் வாங்குரிமை என்று சொல்லிக்கொள்கிறேன். ஐந்நூறு பங்குக்கான உரிமை ஒரு கட்டு. அதற்குக் குறைத்துத் தரமாட்டார்கள். பன்னிரண்டு நாளுக்கு முன் பங்குக்கு முப்பத்தாறு ரூபாய் வீதம் ஒரு கட்டு வாங்கினேன். பதினெட்டாயிரம். அகவிலைப்படி நிலுவையாக வந்த பணம்; என் பணம்; அதில் ஐயமில்லை, ஐயமில்லை என்று இரண்டு முறை சொல்லிக்கொள்ளும் பழக்கமும் இந்த ஆறு மாதத்தில் வந்ததுதான். இப்போது விலை ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்று இருபது. ஐம்பது எண்பது. பங்கு அதிகம் நகரவில்லை, வீங்கியிருப்பது எதிர்பார்ப்பு. நாற்பத்தாறே கால் ரூபாய்க்கு விற்றாலே, தரகும் வரியும் போக இருபத்து மூவாயிரம் என் கைக்கு வரும். இருபத்து மூவாயிரம் வந்தால் வடிவு என்னிடம் தந்து வைத்த பணம் முழுமையாகும். அப்படியானால் காலையிலேயே விற்றிருக்கலாமே, ஒன்பதே முக்காலுக்கே நாற்பத்தெட்டு இருந்ததே, ஏன் விற்கவில்லை என்று யார் கேட்கிறார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. அறையில் நான் மட்டுமே இருக்கிறேன். கேட்கிறவளும் நான்தான், எழுந்து நின்று கைகட்டி விடை தெரியாமல் விழிக்கிறவளும் நான்தான்.

ஐம்பத்தெட்டுக்கு விற்பதாகக் கட்டளை போட்டு வைத்திருக்கிறேன். ஏன் ஐம்பத்தெட்டு? ஓய்வு பெற்ற அகவை என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு காரணம் இல்லை. இப்படியும் ஒருத்தி விலை குறிப்பாளா? முப்பத்து நான்கு ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஐம்பத்திரண்டு. சுளகில் சீனியவரைக்காயை எடுத்துக்கொண்டு வடிவு வருகிறாள். செண்பகவடிவு, என் தம்பியின் மனைவி. தம்பி போய் மூன்றாண்டு ஆகிறது. எனக்கு எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, காயின் இரு முனையையும் கிள்ளி, நாரை உரித்து, மூன்றாக ஒடிக்கிறாள். "என்ன மைனி, போனையே பாத்துக்கிட்டு இருக்கிய, மாப்பிள போட்டோ பாக்க மாதிரி?" வெலை பாக்கேன் என்கிறேன். "என்ன வெல?" ஃபேன் வெலை. "வீட்ல நாலு கெடக்கு, அஞ்சாவது எங்ஙன மாட்டப் போறிய, அடுப்படியிலயா? மாட்டுங்க, மாட்டுங்க. வேர்வையில நான்தான் வெந்து சாகுதேன்." ஒடிக்கும் ஓசை. ஐம்பத்திரண்டு நாற்பது. அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். சந்தேகப்படுகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது எனக்குத் தெரியும். ஆய்வாளர்கள், பெற்றோர் சங்கத்தார், தணிக்கைக்காரர்கள், எல்லாரிடமும் பேசியிருக்கிறேன். நம்புகிறவளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கத்தான் நான் பழகவில்லை.

தம்பியின் சேமநலநிதியில் மிஞ்சியது ஒன்றரை இலட்சம். ஜனவரி இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை, அதைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். அறுபது கடந்தவர்களுக்கு வைப்புநிதியில் அரை விழுக்காடு வட்டி கூடுதல். ஆகவே எங்கள் வீடுகளில் பணத்தை மூத்தவர் பெயரில் போடுவது வழக்கம். அவளுக்கு ஐம்பத்து நான்கு, எனக்கு அறுபத்தாறு. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. என் பெயர்தான் எழுத்து. அன்று நான்காம் சனி, வங்கி இல்லை. மறுநாள் ஞாயிறு, குடியரசு நாளும் கூட. திங்கட்கிழமை போயிருக்கலாம். இந்த இடத்தில்தான் எப்போதும் முள் மாட்டிக்கொள்கிறது. திங்கட்கிழமை போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் புதன்கிழமை. அந்தப் புதனன்று இதே நிறுவனத்தின் முடிவு. நான் தேர்வுக்குப் படிப்பதுபோல் படித்திருந்தேன். மூன்றாண்டு ஆண்டறிக்கை, செம்பின் விலை, கோடைக்கு முன்னரே கடைக்காரர்கள் வாங்கி அடுக்கும் கணக்கு. இலாபம் இருபது விழுக்காடு ஏறும் என்று கோடு போட்ட நோட்டில் எழுதி அடியில் தேதியும் இட்டேன். முந்தைய நாள் இரண்டு கட்டு வாங்கினேன், அறுபத்து நான்கு ரூபாய் வீதம், அறுபத்து நான்காயிரம், என் கணக்கில் கட்டிய துணிப்பைப் பணத்திலிருந்து. என் சேமிப்பு முழுவதும் பங்குகளில் இருந்தது. அதை விற்றுக் காசாக்க இரண்டு நாள் ஆகும். எனக்கு இரண்டு நாள் இல்லை. இரண்டு நாள் இல்லை என்று தோன்றியதே, அதுதான் நோய். நிறுவனத்தின் இலாபம் இருபத்தொரு விழுக்காடு ஏறியது. என் விடை சரி. மறுநாள் காலை பங்கும் ஏறியது. என் வாங்குரிமை மட்டும், எதிர்பார்ப்பின் வீக்கம் வடிந்து, அறுபத்து நான்கிலிருந்து இருபத்தொன்பதுக்கு விழுந்து கிடந்தது.

விடை சரி, மதிப்பெண் இல்லை. இதை நான் எப்படி விளங்கிக்கொள்வது? என் வாழ்நாள் முழுவதும் நல்ல முடிவு வந்தால் நல்லது நடந்திருக்கிறது. முடிவு வரும் நாளில் பிள்ளைகள் பலகைக்கு முன் முண்டியடிப்பார்கள், தேறியவர்களுக்கு மிட்டாய், தேறாதவர்களுக்கு அழுகை. தேறியவளுக்கு அழுகையைக் கொடுக்கும் பலகையை நான் கண்டதில்லை. ஆகவே நியாயம் தாமதமாகவேனும் வரும் என்று காத்திருந்தேன். இருபத்திரண்டு. பதினேழு. அந்தப் பதினேழைப் பார்த்தபோது கோமதிநாயகத்தின் முகம் நினைவுக்கு வந்தது. பதினொன்று. பிப்ரவரியில் ஒரு பிற்பகல் விற்றேன். அறுபத்து நான்காயிரத்தில் பதினோராயிரம் திரும்பியது. பங்குகளை விற்று அப்போதே ஈடுகட்டியிருக்கலாம். அவையும் அந்த மாதம் படுத்துக் கிடந்தன, சில நாள் பொறுக்கலாம் என்றது மனம், பொறுத்தேன், ஏப்ரலில் கண்புரை அறுவைக்கு அவற்றையே விற்கும்படி ஆயிற்று. இதற்கிடையே பிப்ரவரியிலிருந்தே மாதம் ஐயாயிரம் எடுத்து வைத்தேன், ஓய்வூதியம் வந்த அன்றே, ஆறு மாதம், முப்பதாயிரம். அந்த ஆறு மாதமும் வடிவு என்னிடம் பணத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. இப்போது மார்க்கெட் பக்கம் இட்லி மாவுக் கடை வைக்கப் போகிறாள். இடம் தரும் கடைக்காரருக்கு முன்பணம் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்னோடு வங்கிக்கு வருகிறாள். இன்று விற்றால் நாளை தரகரிடம் பணம் சேரும். வெள்ளி காலைக்குள் என் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். நாளை விற்றால் வராது. ஆகவே இன்று. ஐம்பத்து நான்கு.

பாக்கியசீலி. இந்தப் பெயர் வரும் என்று தெரியும். வரும் வழியில் சற்றுச் சுற்றிப் போகலாமே என்றுதான் செம்பின் விலையைப் பற்றியெல்லாம் நினைத்தேன். தாமிரபரணியில் வெள்ளம் வந்த ஆண்டு, வெள்ள நிவாரணத்துக்கு வகுப்பில் உண்டியல் வைத்தோம். ஏழாம் வகுப்பு ஆ பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. எட்டே கால் ரூபாய் குறைந்தது. கேட்டவுடன் ஒப்புக்கொண்டாள், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. சற்று மறைத்திருந்தால் கண்டுபிடித்த பெருமையாவது மிஞ்சியிருக்கும். "திங்கக்கெழம வச்சிருவேன் டீச்சர். அப்பாவுக்குக் கூலி சனிக்கெழமதான்." திருட்டுக்குத் திங்கட்கிழமை கிடையாது என்றேன். காலை வழிபாட்டில், கொடிமரத்துக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்க நிற்க வைத்தேன். மேலே போட்டிருந்த தாவணியின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை அவள் கொண்டுவந்து வைத்தாள். பத்துக் காசும் இருபத்தைந்து காசுமாக, எட்டே கால் ரூபாய். நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணிப் பார்த்ததோடு சரி, ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்ன திங்கட்கிழமை வந்தது. என் திங்கட்கிழமை ஆறு மாதமாக வந்துகொண்டிருக்கிறது. இந்த ஆறு மாதத்தில் என்னை எந்தக் கொடிமரத்தின் பக்கத்தில் நிற்க வைத்தார்கள்? நல்லாசிரியர் விருதுப் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன், தலைக்கு மேல் காற்று வருகிறது, ஒருத்தி எனக்காகக் காய் ஒடிக்கிறாள்.

திரை நின்றுவிட்டது. ஐம்பத்து நான்கு அறுபதில் அப்படியே நிற்கிறது; நடுவில் ஒரு வட்டம் சுழல்கிறது. மூன்று மணி நான்கு நிமிடம். முடிவு வந்துவிட்டதா? வந்திருந்தால் இந்நேரம் இருபதுக்கு விழுந்திருக்கும். விழுவதை எனக்குக் காட்டாமல் திரை கருணை செய்கிறதோ. எழுந்து சன்னல் பக்கம் போகிறேன், அங்கேதான் சிக்னல் எடுக்கும். கீழே ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு யாரிடமோ பேசுகிறார். அவருக்கு மூன்று நான்கு என்பது மூன்று நான்குதான். மூன்றாம் நிமிடத்தில் எண்கள் அசைகின்றன. ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு எழுபது. இருக்கிறது, இன்னும் வரவில்லை. ஐம்பத்தேழு நாற்பது. ஐம்பத்தேழு எண்பது. இன்னும் இருபது காசு. இருபது காசு வந்தால் என் கட்டளை நிறைவேறும், எனக்கு வேலையில்லை. இந்த இருபது காசு நடந்து வரும் வழியில் வேறொரு குரலும் வருகிறது: இம்முறையும் முடிவு நன்றாகத்தான் இருக்கும், கோடை கடுமை, நீ படித்திருக்கிறாய், இம்முறை விடையும் சரி மதிப்பெண்ணும் உண்டு, நூறுக்குப் போகும், ஐம்பத்து மூவாயிரம் முழுவதுமாகத் திரும்பும், யாருக்கும் தெரியாது. என் குரல்தான். வகுப்பறையில் பயன்படுத்திய அதே தெளிந்த குரல். அதனால்தான் அஞ்சுகிறேன். ஐம்பத்தேழு பத்து. ஐம்பத்தாறு. ஐம்பத்தைந்து இருபது.

"மைனி, கடைக்காரருட்ட வெள்ளிக்கெழம தாரேன்னு சொல்லிட்டேன்" என்கிறாள் வடிவு, நாரைச் சுளகின் ஓரத்தில் ஒதுக்கியபடி. "அந்த மனுசன் நம்பல. வெளிய வட்டிக்கு விட்டிருக்கியா, கேட்டதும் வந்துருமான்னு கேக்காரு. எங்க மைனி கையில இருக்கு, பேங்க்ல இருக்கத விடப் பத்தரம்னு சொன்னேன். டீச்சர் தங்கச்சியான்னு கேட்டாரு. தங்கச்சி இல்ல, தம்பி பொண்டாட்டின்னேன். ஒடனே டீ வாங்கிக் குடுத்துட்டாரு. சீனி தூக்கல்." சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். சுளகில் இன்னும் ஒரு பிடி காய் இருக்கிறது. நான் ஐம்பத்தெட்டை அழிக்கிறேன். அழிப்பதற்கும் ஒரு கேள்வி கேட்கிறது திரை: உறுதியா? உறுதி. கிடைக்கும் விலைக்கு விற்கவும் என்று மாற்றுகிறேன். மீண்டும் கேட்கிறது. கண்ணாடியைச் சரிசெய்து, ஒரு கட்டு, விற்க, வாங்க அன்று விற்க, என்று சொல்லுக்குச் சொல் விரல் வைத்துப் படிக்கிறேன். மாற்றி அழுத்திவிட்டால் இரண்டு கட்டு ஆகிவிடும். பச்சைப் பட்டை. அழுத்துகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சிறு ஒலி. விற்றது, ஐந்நூறு, ஐம்பத்தேழு ரூபாய். நான் தயங்கிய அந்தச் சிறு நேரத்தில் மீண்டும் ஏறியிருக்கிறது. என் திறமை ஒன்றுமில்லை. மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு, தரகு, வரி எழுபது போக இருபத்தெட்டாயிரத்து நானூற்று முப்பது.

தண்ணீர் குடிக்கிறேன். தண்ணீர் தொண்டையில் இறங்குவது தெரிகிறது. எத்தனை நாளாயிற்று அது தெரிந்து. தரை குளிர்ச்சியாக இருக்கிறது. காயை ஒடிக்கும் ஓசை இதுவரை என் நெற்றிப்பொட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அது அவள் கையிலிருந்து வருகிறது. விடைத்தாள் எல்லாவற்றையும் கட்டி முத்திரையிட்டு அனுப்பிய மாலையில் பள்ளி முற்றம் இப்படித்தான் அகலமாகத் தெரியும். இனி அந்த நிறுவனத்துக்கு இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் எனக்கு என்ன. பணம் முழுமையாகிவிட்டது. இப்போது வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை ஒன்றரை இலட்சத்தை எடுத்துக் கொடுத்தால் வடிவு கும்பிட்டு வாங்கிக்கொள்வாள், நான் அந்தக் கும்பிடை ஏற்றுக்கொள்வேன். அவள் கும்பிடும் காட்சி கண்முன் வந்தது, அதுதான் தாங்கவில்லை. "வடிவு, உன் பணத்துல ஐம்பத்து மூவாயிரத்தத் தொலைச்சேன்." அவள் கை நின்றது. "எப்ப?" தையில. "களவு போச்சா மைனி?" இல்ல, நான்தான், பங்குச் சந்தையில. "இப்ப?" இப்ப முழுசா இருக்கு, இந்த நிமிசத்துல இருந்து இருக்கு. அவள் கைப்பேசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலைக்கு மேலே பார்த்தாள். "இதானா ஃபேன் வெல." ஆமா. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" கேட்டா குடுத்திருப்பியா? "மாட்டேன்." அதனாலதான் கேக்கல. "அதுக்குப் பேரு என்ன மைனி? பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுத்திருப்பியளே." களவு, என்றேன். சொல்லிவிட்டேன். அந்தச் சொல் வெளியே வந்து அறையில் நின்றது, கூரை இடியவில்லை.

மீதிக் காயை ஒடித்தாள். எண்ணினேன், பதினொரு காய். "ஒங்க தம்பி இருந்தா சிரிச்சிருப்பாவ" என்றாள் பிறகு. "எங்க அக்காவுக்குத் தப்பே வராதுன்னு மில்லுல எல்லாருட்டயும் சொல்லுவாவ. லீவு லெட்டரக்கூட ஒங்ககிட்டக் காட்டித்தான குடுப்பாவ. அவுகளுக்குத் தெரியாமப் போச்சு பாருங்க." குரலில் சினமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது; இரண்டும் பிரியவில்லை. எனக்குப் பெரிய சமாதானம் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பிரியாத குரல் போதும். "இனிம எம் பணம் எம்பேர்லயே கெடக்கட்டும் மைனி. அர பெர்சென்ட்டு போனாப் போகுது." சரி என்றேன். வலித்தது; நியாயமாக வலித்தது. எழுந்தவள் வாசல்படியில் நின்று திரும்பினாள். "அது இனிம. இந்த ஆறு மாசத்துக்கு?" எந்த ஆறு மாசத்துக்கு? "வட்டி. அர பெர்சென்ட்டு கூட உண்டுன்னுதான ஒங்க பேர்ல போடச் சொன்னேன். பேங்க்ல போட்டியளோ ஃபேன்ல போட்டியளோ, எனக்கு வட்டி உண்டா இல்லியா?" உண்டு என்றேன். உண்டு, கட்டாயம் உண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஆறு மாதத்தில் முதற்சிரிப்பு. இருபத்து மூவாயிரம் போக மிஞ்சிய அந்த ஐயாயிரத்துச் சொச்சத்தை என் கெட்டிக்காரத்தனத்துக்குக் கூலி என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. சந்தை மூடி இருபது நிமிடம் கழித்துக் கைப்பேசி ஒலித்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை. அடுப்படிக்குப் போய்த் தேங்காய் துருவினேன்.

வியாழக்கிழமை கோமதிநாயகம் கடைக்குப் போனேன். "டீச்சர், ஃபேன் கம்பெனி பாத்தியளா? லாபம் பத்தொம்பது பெர்சென்ட்டு கூட. பங்கும் ஏறிருக்கு. நம்ம கால் மட்டும் இருபத்தொண்ணுல கெடக்கு. நேத்து என்ன செஞ்சிய, வச்சிருந்தியளா?" வித்துட்டேன். மூணு பன்னிரண்டுக்கு. ஐம்பத்தேழு. அவன் இயந்திரத்தின் மூடியை மூடிவிட்டு, கல்லாவில் கையூன்றி, என்னை ஏற இறங்கப் பார்த்தான். நீ சொன்னது சரி, ஜனவரியிலேயே சரி, என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். "எத்தன மார்க்கு டீச்சர்?" தொண்ணூற்றெட்டு. "ரெண்டு எங்க போச்சு?" தாளை இன்னும் கோணலாத்தான் வைக்க. அவன் சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பது காசு நாணயம் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். இழுப்பறையைக் குடைந்து, ஊசிகளுக்கும் ரப்பர் வளையங்களுக்கும் அடியிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்துத் தந்தான். "இத யாரும் வாங்க மாட்டாங்க டீச்சர்." வாங்குறதுக்கு ஆள் இருக்கு என்றேன். வழியில் நிழலில்லாத சாலையில் நடந்தும் வெயில் உறைக்கவில்லை. முந்தைய இரவு கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேனா என்று நினைத்துப் பார்த்தேன், நினைவில் இல்லை. சரிபார்க்காமலே உறங்கியிருக்கிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை. பத்து மணியிலிருந்து காத்திருந்து, பத்து நாற்பதுக்கு வங்கியின் மர இருக்கையில் உட்கார்ந்தோம். வடிவு புடவை முந்தானையை மடிமேல் விரித்துக்கொண்டாள். காசாளர் எண்ணித் தந்ததை நான் ஒருமுறை எண்ணினேன், விரலை நனைக்காமல், கட்டுக்குக் கட்டு தாள் திருப்பி. பிறகு அவளை எண்ணச் சொன்னேன். "நீங்க எண்ணினாச் சரியா இருக்கும் மைனி" என்று தொடங்கியவள், பாதியில் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, எண்ணத் தொடங்கினாள். உதடு அசைய, மெதுவாக, நடுவில் ஒருமுறை விட்டுப்போய் மீண்டும் முதலிலிருந்து. பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் எழுந்து போனார், இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். எண்ணி முடிக்கும்வரை நான் கைகட்டி இருந்தேன். அவசரமாக எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை. "சரியா இருக்கு" என்றாள் கடைசியில், நான் தந்த நாணயத்தைத் தாள்களின் மேல் வைத்து. ஆறே முக்கால் விழுக்காடு, ஆறு மாதம், முதலும் வட்டியும் சேர்த்து: ஓர் இலட்சத்து ஐம்பத்தையாயிரத்து அறுபத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு.